இரண்டாவது ஃபிலிம்

அக்கா வாயால் "நல்லா இருக்கு" என்று கேட்டவர்கள் எங்கள் கம்பெனியில் யாரும் கிடையாது. கேன்டீன் சாம்பார் எப்படி என்று கேட்டால், "உப்பு சரியா இருக்கு, பருப்பு வேகல" என்பார். ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பிறந்தநாளுக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு ஆசையாக எதிரில் வந்து நின்றபோது, "கலர் பொருந்துது, ஃபால்ஸ் ஒரு பக்கம் தூக்கிட்டு இருக்கு" என்றார். அந்தப் பெண் சாயங்காலம் வரை புடவை நுனியை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். அவரோடு பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அதில் முதல் எட்டு வருடம் அவரை மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. ஆனால் என் வலது கால் இன்றைக்கு முழுசாக என்னிடம் இருக்கிறதென்றால் அதற்கு அந்த வாய்தான் காரணம். எல்லோரையும் போல அவரும் நாலு நல்ல வார்த்தை பேசுகிறவராக இருந்திருந்தால் நான் தொலைந்திருப்பேன்.

எங்கள் கம்பெனி திருவெறும்பூரில் பாய்லர் குழாய்களை ஒட்டிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. நான் வெல்டிங் சூப்பர்வைசர். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுப்பது போல வெல்டுக்கும் எடுப்பார்கள். அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்து, உள்ளே ஓட்டை, விரிசல், கசடு ஏதாவது இருக்கிறதா என்று சொல்வதுதான் அக்காவின் வேலை. ஒரு வெல்டுக்கு இரண்டே தீர்ப்பு. ஒன்று 'ஏற்பு', இன்னொன்று 'ரிப்பேர்'. பட்டறைக் கோடியில் இருட்டான ஒரு சின்ன அறை அவருடையது. 'எக்ஸ்ரே அக்கா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எதுக்கு தம்பி?" என்று கேட்பார்.

ஒருமுறை ஒரே நாளில் என் ஆட்கள் ஒட்டிய ஏழு வெல்டுக்கு 'ரிப்பேர்' எழுதிவிட்டார். நான் கொதித்துப் போய் அந்த அறைக்குள் நுழைந்தேன்.

"அக்கா, இது ஃபிலிமக் கழுவும்போது விழுந்த கீறல். யார் நகமோ பட்டிருக்கு. என் வெல்டுல ஒண்ணும் இல்ல."

அவர் கோபப்படவில்லை. ஒரே உறைக்குள் இரண்டு ஃபிலிம்களைச் சேர்த்து வைத்துத்தான் எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டாவதை எடுத்து முதலாவதின் பக்கத்தில் வைத்தார். அதே இடத்தில் அதே கறுப்புக் கோடு.

"கீறல்னா ஒண்ணுலதான் இருக்கும். ரெண்டுலயும் இருக்கு தம்பி. வெல்டுலதான் இருக்கு."

ஏழையும் அப்படியே காட்டினார். "ரெண்டுலயும் இருக்கு" என்று ஏழு முறை சொன்னார். வெளியே வந்து கேன்டீனில் அவரைப் பற்றி என்னவெல்லாம் பேசினேன் என்பதை எழுத வேண்டாம்.

அதே அக்கா அடுத்த வாரம் பட்டறைக்குள் தானாக நடந்து வந்தார். வெல்டர் ஆரோக்கியத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அத்தனை பேர் நடுவில், "காலையில உங்க வெல்டுக்கு ரிப்பேர் எழுதினேன். ரெண்டாவது ஃபிலிம்ல அது இல்ல. கீறல் எங்களோடது. தப்பு என் மேல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதிகாரி ஒருவர் தொழிலாளியிடம் வந்து தப்பு தன் மேல் என்று சொல்லி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்குக் கொஞ்சம் திட்டுவதைக் குறைத்தேன்.

அக்காவுக்கு ஒரே ஒரு பலவீனம் பால் டீ. ஒரு நாளைக்கு ஆறு டம்ளர். ஏடு மிதக்கிற மாதிரி, சர்க்கரை தூக்கலாக. பிறகு தும்மல். காலை எட்டே காலுக்கு இருட்டறையிலிருந்து எட்டு ஒன்பது தும்மல் வரிசையாகக் கேட்டால், பட்டறையில் ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கழுத்தில் எப்போதும் ஒரு சின்னத் துண்டு.

அவருக்குப் பாலக்கரைப் பக்கம் வீடு. மாதா கோயில் மணி கேட்கிற தூரம். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வேலைக்கு வருவார். திருவானைக்காவல்காரனான எனக்கு நெற்றியில் தினமும் இருப்பது அவருக்கு வருடத்தில் ஒரு நாள் என்று கிண்டல் பண்ணுவேன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை அவர்களுக்குத் தவக்காலம். வீட்டில் கறி, மீன் சமைக்க மாட்டார்கள். ஒரு வருடம் சாம்பல் புதன் அன்று பத்து மணி டீக்கு வந்தவர், கேன்டீன் மாஸ்டரிடம், "எனக்குப் பால் விடாம சுக்கு தட்டிப் போட்டுக் குடுங்க" என்றார். மாஸ்டர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"உடம்பு சரியில்லையாக்கா?" என்றேன்.

"தவக்காலம் தம்பி. கறி விடறது எனக்கு ஒண்ணும் பெருசு இல்ல. வருஷா வருஷம் விடறேன், ரெண்டாவது வாரம் மறந்தே போகுது. மறந்து போறதெல்லாம் ஒரு தவமா? இந்த டீயத்தான் விடவே முடியாதுன்னு தோணுது. அப்ப அதத்தான விடணும்? பால விட்டா தயிர், நெய் எல்லாம் பால்தான். கூடவே முட்டையும் விட்டாச்சு."

முதல் பத்து நாள் தலைவலி. யார் போனாலும் சிடுசிடுப்பு. எங்கள் வெல்டுகளில் ரிப்பேர் கூடிவிட்டது என்று நான் சத்தியம் செய்வேன், ஆனால் கணக்கைப் பார்த்தால் வழக்கம் போலத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு ஆரோக்கியம் முகமூடியைத் தூக்கிவிட்டு, "சார், அக்கா லீவா?" என்று கேட்டார். இல்லை, விளக்குப் பெட்டி எரிந்துகொண்டுதான் இருந்தது. தும்மல்தான் இல்லை. அக்கா கவனிப்பதற்கு முன்பே பட்டறை கவனித்துவிட்டது.

ஓடிப் போய்ச் சொன்னோம். அக்கா யோசித்தார். "ஆமா. துண்டும் காஞ்சே இருக்கு" என்றார். வேறு ஏதாவது சந்தோஷமாகச் சொல்வார் என்று பார்த்தால், "பனி நின்னதால கூட இருக்கலாம்" என்று ஃபிலிமை எடுத்துக்கொண்டார்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை மாஸ்டர் ஏடோடு டீ போட்டுத் தயாராக வைத்திருந்தார். அக்கா குடித்தார். ஆறு டம்ளர், பழையபடி. வீட்டில் தயிர், முட்டை எல்லாம் ஆரம்பித்தாயிற்று என்றார். நாலாம் நாள் காலை எட்டே காலுக்கு இருட்டறையிலிருந்து முதல் தும்மல் கேட்டது. பட்டறை மொத்தமும் கை தட்டியது. அக்கா வெளியே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஒரு ஃபிலிம் ஆச்சு" என்றார். இரண்டு வாரம் அப்படியே குடித்துவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் விட்டார். மறுபடி தும்மல் நின்றது. அப்புறம் அவர் பாலைத் தொடவே இல்லை. கறி, மீன், முட்டையும் அதோடு போய்விட்டன.

'ஏற்பு', 'ரிப்பேர்' என்று தீர்ப்பு எழுதும் அச்சடித்த படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். விட்டபோது போய், தொட்டபோது வந்து, மறுபடி விட்டபோது போனவை மட்டும் ஒரு பக்கம். தும்மல். நாலு மணிக்கு வயிறு பலூன் போல ஊதுவது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கம். முன்பெல்லாம் மூன்று முறை முகம் கழுவினால்தான் மத்தியான ஃபிலிமைப் பார்க்க முடியும் என்பார். விரலில் இறுகிப் போயிருந்த கல்யாண மோதிரம் இப்போது கழன்றது. இன்னொரு பக்கம், மாறாதவை. முட்டி வலி. முடி கொட்டுவது. கோபம். உடம்பு இளைத்ததை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"டீயோட ரெண்டு பஜ்ஜியும் சேந்து நின்னு போச்சு. எளச்சது எதனாலன்னு எப்படிச் சொல்ல? அத எழுத மாட்டேன்."

அவர்கள் பக்கத்தில் அன்பியக் கூட்டம் என்று ஒன்று உண்டு. தெருவில் உள்ள பத்துப் பதினைந்து குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். ஈஸ்டர் முடிந்தும் பிரியாணியை ஒருத்தி தொடவில்லை என்றால் ஏதோ பெரிய நேர்த்திக்கடன் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. மகள் கல்யாணத்துக்கா, வீட்டுக்காரர் உடம்புக்கா என்று தெரியாமலே அவருக்காக ஜெபிக்க ஆரம்பித்தார்களாம். ஒரு நாள் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லச் சொல்லிவிட்டார்கள். அதே தெருக்காரரான ஆரோக்கியம் மறுநாள் கேன்டீனில் அக்கா மாதிரியே நின்று காட்டினார்.

"நான் ஒண்ணும் நேந்துக்கல. டீய விட்டேன், தும்மல் நின்னுச்சு. மலச்சிக்கல் இல்ல. முட்டி வலி அப்படியே இருக்கு. கோபமும் அப்படியே இருக்கு, வேணும்னா வீட்டுக்காரரக் கேட்டுப் பாருங்க."

கூட்டம் நடத்துகிறவர் சமாளித்துக்கொண்டு, "ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கம்மா" என்றாராம்.

"சொல்லிட்டேன். தும்மலுக்கு மட்டும்."

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு மட்டும் உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சர்க்கரை வந்து அப்போது நாலு வருடம். என் அப்பாவுக்கும் இருந்தது. சின்னப் புண் ஒன்றில் ஆரம்பித்து, முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் இருந்த மூன்று வருடமும் பாத்ரூமுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். அதனால் மாத்திரை அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கனம் கையில் தெரியும். இந்த நோய் என்னை விட்டுப் போய்விட்டது என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அக்காவிடம் தனியாகப் போய், "இந்தச் சாப்பாடு சுகருக்குக் கேக்குமாக்கா?" என்றேன்.

"எனக்கு சுகர் இல்ல தம்பி. இல்லாததப் பத்தி நான் என்ன சொல்றது? டாக்டரக் கேளுங்க."

நான் கேட்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் விட்டு இரண்டு வருடம் போன பிறகு, நானாகவே பால், தயிர், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்தினேன். என் மனைவி அதிர்ந்து போனாள்.

"தயிர் இல்லாம எந்திரிச்சா அது சாப்பிட்ட மாதிரியா? ஆஃபீஸ்ல யாரோ சொன்னாங்கன்னு வீட்டுல வந்து ஆடறீங்க."

கடைசியில் அவளே அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டு, வேர்க்கடலையை ஊற வைத்து அரைத்துப் பால் எடுத்து, காய்ச்சி, மிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைத்தாள். "தயிர் மாதிரி இருக்காதும்மா. தயிர்னு நெனைக்காமச் சாப்பிடச் சொல்லுங்க" என்று அக்கா எச்சரித்திருந்தார். அது உண்மை. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் வறுத்து வைத்தாள். நாலாவது மிளகாயைக் கடிக்கும்போதுதான் அதிலும் மோர்தானே என்று உறைத்தது. மார்கழியில் கூடாரவல்லி அன்று ஸ்ரீரங்கத்திலிருந்து அவள் சிநேகிதி நெய் சொட்டச் சொட்ட அக்காரவடிசல் கொண்டு வந்தபோது வீட்டில் ஒரு போரே நடந்தது. "பெருமாள் பிரசாதத்தையா வேணாங்கறீங்க?" என்று கண் கலங்கிவிட்டாள். அக்காவைக் கேட்டேன்.

"அது உங்க சாமி விஷயம் தம்பி. ஒரு ஸ்பூன்ல ஒண்ணும் ஆகாது. ஆனா எழுதி வையுங்க."

மூன்று மாதத்தில் எனக்கு உண்மையாகவே உடம்பு மாறியது. வருடக்கணக்காக இருந்த நெஞ்செரிச்சல் போன இடம் தெரியவில்லை. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. சாப்பிட்டவுடன் கண் சொருகவில்லை. மனைவியோடு மலைக்கோட்டைக்குப் போனபோது நடுவில் உட்காராமல் உச்சிப்பிள்ளையார் வரை ஏறி, அவளுக்காக மேலே காத்துக்கொண்டு நின்றேன். சர்க்கரை பரிசோதனையிலும் முதல் முறையாக எல்லாம் சரியான அளவுக்குள் இருந்தது. லேப் வாசலில் நின்று அழுதேன். அன்று சாயங்காலமே மாத்திரையை நிறுத்தினேன். டாக்டருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்தது அவர்களிடம் மட்டும்தான். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாள் பெருமையாக எழுதிப் போட்டேன். 'எக்ஸ்ரே அக்கா சொன்ன வழியில் பால், முட்டை, கறியை விட்டேன். மூன்றே மாதத்தில் சர்க்கரை நோய் போயே போச்சு. மாத்திரைக்கு டாட்டா.' கட்டை விரல் படங்கள் வந்து குவிந்தன. கிரைண்டிங் பிரிவில் ஒருவர், 'நாளையிலிருந்து நானும் நிறுத்துறேன் சார்' என்று பதில் போட்டிருந்தார்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்திருந்தது. ஒரு ஜாயிண்டைக் குனிந்து பார்க்கும்போது வெல்டிங் பொறி ஒன்று என் வலது ஷூவுக்குள் விழுந்துவிட்டது. சுண்டு விரல் பக்கத்தில் சின்னக் கொப்புளம். எங்கள் தொழிலில் இதெல்லாம் வாரத்துக்கு ஒன்று. வலியும் பெரிதாக இல்லை. துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

குரூப்பில் எழுதிய மறுநாள் காலை அக்கா கூப்பிட்டு அனுப்பினார். விளக்குப் பெட்டியின் மேல் ஃபிலிம் இல்லை. அவர் போன் இருந்தது. அதில் என் செய்தி.

"அக்கா சொன்ன வழின்னு போட்டிருக்கீங்க. நான் எப்ப தம்பி சொன்னேன்?"

"உங்களப் பாத்துத்தானக்கா ஆரம்பிச்சேன்."

"டெஸ்ட் எடுத்தப்ப மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான இருந்தீங்க?"

"ஆமா."

"நிறுத்துனப்புறம் எடுத்தீங்களா?"

"எதுக்கு? நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்குன்னு எழுத என் படிவத்துல கட்டமே இல்ல தம்பி. உங்ககிட்ட ஒரு ஃபிலிம்தான் இருக்கு. அதுலயும் மாத்திரையும் சாப்பாடும் ஒண்ணா விழுந்திருக்கு." அவர் என் காலைப் பார்த்தார். "ஏன் நொண்டறீங்க?"

"நொண்டலியே."

"ஷூவக் கழட்டுங்க."

கழற்றினேன். ஃபிலிமில் கீறல் இருக்கிறதா என்று சாய்த்து அடித்துப் பார்க்கும் டார்ச்சை எடுத்து, தரையில் உட்கார்ந்து என் பாதத்தின் மேல் அடித்தார். கொப்புளம் இருந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசளவுக்குக் குழி. ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

"எத்தன நாளா?"

"பதினெட்டு நாள்."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அப்பாவின் கால் கண் முன் வந்தது. பயத்தை எனக்குக் கோபமாகத்தான் காட்டத் தெரியும். "நீங்க என்ன டாக்டரா? உங்க வேலை ஃபிலிம் பாக்கறது. உங்களுக்கு நல்லது நடந்தா சரி, எனக்கு நடந்தா பொறுக்கலயா?" என்று கத்திவிட்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்து மணி டீக்குப் போனால் கேன்டீன் அறிவிப்புப் பலகையின் முன் கூட்டம். அக்காவின் பட்டியலைக் குண்டூசி குத்தி மாட்டியிருந்தார்கள். மாட்டியது அவரேதான் என்றார் மாஸ்டர். எனக்குத் தெரிந்த பட்டியல்தான். ஆனால் கீழே, ஃபிலிமில் குறி போடும் சிவப்பு மெழுகுப் பென்சிலால் புதிதாகச் சில வரிகள்.

'பாதம் மரத்துப் போவது: எல்லாவற்றையும் விட்டு ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. ரத்தத்தில் பி12 குறைவு. அது பால், முட்டை, கறியில் கிடைப்பது. விட்டவர்கள் மாத்திரையாக எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கேட்காமல் ஆரம்பித்தது என் தப்பு. இப்போது எடுக்கிறேன். ரிப்பேர். எனக்கு இருந்தது தும்மல். சர்க்கரை இல்லை. என்னைப் பார்த்து யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.'

"அக்காவுக்கே கால் மரத்துப் போச்சாம்டா" என்று யாரோ சிரித்தார்கள். இத்தனை நாள் அவரைப் பார்த்துச் சுக்கு டீக்கு மாறியிருந்த இரண்டு பேர் மாஸ்டரிடம் பால் டீ கேட்டார்கள். அக்கா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஓரத்தில் தன் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இதை எழுத வேண்டிய அவசியம் என்ன? யாரும் கேட்கவில்லை. என் குரூப் செய்தியை அழிக்கச் சொல்லியிருந்தாலே போதும். எட்டு வருடம் என் வெல்டுகளுக்கு 'ரிப்பேர்' எழுதிய அதே சிவப்புப் பென்சிலால், அதே எழுத்தில், தனக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்குள் இருந்த கோபம் காற்றுப் போனது போல இறங்கிவிட்டது. அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எந்த ஆஸ்பத்திரிக்கா போகணும்?"

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார். என் வண்டியில் ஏறச் சொன்னேன். "மாட்டேன். உங்க பின் பிரேக் சரியில்ல. ஒரு மாசமா சத்தம் கேக்குது. ஆட்டோவுல போவோம்" என்றார். ஆட்டோவில் உட்கார்ந்ததும் என்னைக் கேட்காமலேயே என் மனைவிக்கு போன் செய்தார். "பயப்படாதீங்க" என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. "கால்ல புண் இருக்கு, மாத்திரை நிறுத்தியிருக்காரு, நீங்க வாங்க" என்று மூன்று விஷயம் மட்டும் சொன்னார்.

சர்க்கரை அளவு எங்கேயோ ஏறிப் போயிருந்தது. டாக்டர் என்னைத் திட்டிய திட்டை மனைவி இன்றுவரை பொழுது போகாதபோது எடுத்துச் சொல்வாள். புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே, "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரல எடுக்கறதப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருப்போம்" என்றார். என் மனைவி நடைவழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பக்கத்தில் நின்று அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அதற்குள் நான் எல்லாவற்றையும் வெறுத்து, "நாளையிலேருந்து தயிர் ஊத்து, போதும் இந்தக் கூத்து" என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பார்க்க வந்திருந்த அக்காதான் தடுத்தார்.

"சாப்பாடு என்ன தம்பி பண்ணுச்சு? நெஞ்செரிச்சல் போனது நெசம்தான? படி ஏறுனது நெசம்தான? அது பாட்டுக்கு அது இருக்கட்டும். மாத்திரை வேற, சாப்பாடு வேற. டாக்டரக் கேட்டு ஒவ்வொண்ணா பாருங்க."

டாக்டரும் அதையே சொன்னார். மாத்திரையோடு, பி12 ஒன்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். வேர்க்கடலைத் தயிர் தொடர்ந்தது. இப்போது என் மனைவியும் அதையே சாப்பிடுகிறாள், ஆனால் கேட்டால் எனக்காகத்தான் என்பாள்.

அக்கா ஓய்வு பெற்ற நாளில் காலையிலேயே அந்த இருட்டறைக்குப் போனேன். மாலை நாலு மணிக்குப் பாராட்டு விழா. அதுவரை பார்க்க வேண்டிய ஃபிலிமைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் இரண்டு காகிதம். முதலாவது மூன்று மாதத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை. அதைப் பார்த்துத்தான் டாக்டர் இரண்டு மாத்திரையில் ஒன்றைக் குறைத்திருந்தார். இரண்டாவது, குறைத்த பிறகு, முந்தின நாள் எடுத்தது. இரண்டிலும் சர்க்கரை சரியான அளவுக்குள். இரண்டையும் நீட்டினேன்.

பழக்க தோஷம், இரண்டையும் விளக்குப் பெட்டியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். காகிதத்தின் பின்பக்க எழுத்தெல்லாம் ஊடுருவித் தெரிந்தது. பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் என் வெல்டுக்குக் கூட அப்படிக் காத்து நின்றதில்லை.

"ரெண்டுலயும் இருக்கு தம்பி" என்றார்.

எட்டு வருடம் நான் கேட்கப் பயந்த அதே வார்த்தை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் குனிந்து மேசைக்கு அடியில் எதையோ தேடினார். நிமிரும்போது கையில் டார்ச் இருந்தது.

"சரி, ஷூவக் கழட்டுங்க."